ஆயா பெட்டியில் கிடைத்த பச்சை வண்டு புரூச்: உருக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

தகடூர்ப் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் பாலக்கோடு பக்கம். அம்மாவோட அம்மாவை நாங்க ஆயான்னுதான் கூப்பிடுவோம். ஆயா போன தை மாசம் 90 வயசுல காலமானாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு அவங்க டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மேல நூல் சேலை நாலு, அதுக்கடியில கல்யாணப் பட்டு, அதுக்கும் அடியில வெத்தலைச் சுருக்குப்பை. அந்தப் பைக்குள்ள பழைய வேட்டித் துணியில சுத்தி இந்தப் புரூச் இருந்துச்சு, படம் போட்டிருக்கேன்.

நீளம் சுமார் 4 செ.மீ. உருவம் வண்டு. ரெண்டு றெக்கையும் கரும்பச்சை, லேசா விரிஞ்ச மாதிரி, ஓரத்துல மெல்லிசாக் கம்பி கட்டியிருக்கு. முதுகு நடுவுல பொடி வெள்ளைக் கல் ஒரே வரிசையா இருக்கு. கண் ரெண்டும் சிவப்பு. ஆறு காலில் ஒண்ணு இல்லை. மேசை மேல வச்சு மேசையை லேசாத் தட்டினா, உடம்பு அசையாம றெக்கை மட்டும் நடுங்குது. கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் நடுங்கிட்டே இருக்கு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப கல்யாண வீடுகளுக்குப் போகும்போது ஆயா இதைத் தோள்ல, முந்தானை மடிப்புல குத்தியிருப்பாங்க. அவங்க நடக்க நடக்க வண்டு நடுங்கும். பறந்துடுமோன்னு பார்த்துக்கிட்டே நாங்க பின்னாடி போவோம்.

ஆயாவோட அம்மா அந்தக் காலத்துல ஓசூர் மத்திகிரி பண்ணைப் பக்கம் ஒரு துரை வீட்டில் குழந்தை பார்த்துக்கிட்டவங்க. துரைசாணி கப்பலேறும்போது கொடுத்துட்டுப் போனதுன்னு மட்டும் தெரியும். மாமா, ‘இது திப்பு காலத்துச் சரக்கு’ன்னு அடிச்சுச் சொல்றார்.

போன வாரம் அம்மா ஒரு அடகுக் கடைக்குக் கொண்டு போனாங்க. கடைக்காரர் ஒரு வார்த்தை கேக்காமலே முன்பக்கத்தை உரைகல்லில் தேய்ச்சுட்டு, ‘வெள்ளிதான், மிச்சமெல்லாம் கண்ணாடி, எடைக்கு வேணா எடுத்துக்கறேன்’னு சொல்லிட்டார். அண்ணன் பொண்ணுக்குக் காதுகுத்து வருது. உருக்கி ஏதாவது பண்ணிடலாம்னு அம்மா சொல்றாங்க. எனக்கு மனசு வரல.

இது என்ன பூச்சி? எவ்வளவு பழசு? பூச்சியைப் போய் நகையாப் போட்டுக்கிட்டதுக்கு அவங்களுக்கு என்ன அர்த்தம் இருந்துச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காவேரிப்பட்டணம் பத்தர்:

அம்மா, முதல்ல ஒண்ணு. உருக்காதீங்க, கழுவாதீங்க. புளித் தண்ணி, பூந்திக்கொட்டை, பற்பசை எதுவும் அது கிட்டயே போகக் கூடாது. மூணு தலைமுறையா நகை வேலை பார்க்கற வீட்டு ஆள் நான், அதனால சொல்றேன்.

அடுத்தது, உரைச்சுப் பார்த்தவர் முன்பக்கத்தை மட்டும் உரைச்சது பெரிய தப்பு. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல வைரம் பதிச்ச நகைக்கு முன்பக்கம் வெள்ளி, பின்பக்கம் தங்கம்னு ரெண்டையும் சேர்த்து அடிப்பாங்க. மஞ்சள் தங்கத்துல வெள்ளைக் கல்லை வச்சா கல்லும் மஞ்சள் அடிக்கும். அதனால கல்லைப் பிடிக்கிற இடத்துல வெள்ளி. வெள்ளி கறுத்துத் துணியில கறையாக்கும், அதனால உடம்புல படற பக்கம் தங்கம். பிளாட்டினம் வேலை பழகினது 1900ஐ ஒட்டித்தான். அதுக்கு முன்னாடி வெள்ளை உலோகம்னா அவங்களுக்கு வெள்ளிதான். முன்னாடி தேய்ச்சா உரைகல்லில் வெள்ளிக் கோடுதான் விழும். பின்னாடியும் பார்த்திருக்கணும்.

றெக்கை நடுங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அது பழுதில்லை. றெக்கைக்கு அடியில சின்னச் சுருள் கம்பி இருக்கும், வேணும்னே வச்சது. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல அந்த அம்மா மூச்சு விட்டாக்கூட கல் மினுக்கணும்னு செஞ்ச வேலை. அந்தச் சுருள் இத்தனை வருஷம் தளராம இருக்குன்னா செஞ்ச கை சாதாரணக் கை இல்லை.

பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்துல பார்த்துச் சொல்லுங்க. என்ன நிறம், எங்கயாவது எண் குத்தியிருக்கா, ஊசி எவ்வளவு நீளம், ஊசி மாட்டற கொக்கிக்குப் பூட்டு இருக்கா?

ஓசூர் ஷிப்ட்காரன்:

திப்பு காலமா இருக்கவே முடியாது. 1792ல பாராமகால், அதாவது நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கம்பெனி கைக்குப் போயிடுச்சு. கம்பெனி அதிகாரிங்க ரீடும் மன்றோவும் வந்து நிலவரி போட்டது அந்தச் சமயம். துரைசாணி கதைதான் சரியாப் படுது. மத்திகிரி பண்ணை 1824ல குதிரைக்காக ஆரம்பிச்சது, அங்க வெள்ளைக்காரக் குடும்பங்கள் ரொம்ப நாள் இருந்தாங்க.

ஆனா மனசுல பட்டதைச் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம வீட்டுப் பொம்பளை வருஷக்கணக்கா அவங்க குழந்தையைத் தூக்கி வளர்த்திருக்காங்க. போகும்போது ஒரு கால் உடைஞ்ச புரூச்சைக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. அதைப் பொக்கிஷம்னு கும்பிடணுமா?

தகடூர்ப் பேத்தி:

கோவம் இல்லைங்க. இதே கேள்வி எனக்கும் இருக்கு, அதைப் பத்தி அப்புறமா எழுதறேன்.

பத்தர் அண்ணா, பார்த்துட்டேன். பின்பக்கம் நல்ல மஞ்சள்! கொக்கி சும்மா வளைச்சு விட்ட கம்பிதான், பூட்டு இல்லை. ஊசி வண்டோட உடம்பைத் தாண்டி ஒரு நெல் அளவு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. வயித்துப் பக்கம் சின்னதா ‘15’ன்னும் பக்கத்துல ‘.625’ன்னும் குத்தியிருக்கு. பூதக்கண்ணாடி வச்சுத்தான் படிக்க முடிஞ்சுது.

காவேரிப்பட்டணம் பத்தர்:

இதைத்தான் எதிர்பார்த்தேன். 24ல 15 பங்கு தங்கம், அதாவது 1000த்துக்கு 625. இந்தக் கணக்கு நம்ம நாட்டுது இல்லை, இங்கிலாந்துக் கணக்கு. அங்க 15 காரட்டை 1854ல அனுமதிச்சாங்க, 1932ல நிறுத்தி 14 காரட்டுக்கு மாத்திட்டாங்க. ஆக உங்க வண்டு அந்த ரெண்டு வருஷத்துக்கு நடுவுல பிறந்தது. பூட்டில்லாத கொக்கியும் நீண்ட ஊசியும் அதோட ஒத்துப் போகுது.

வெள்ளைக் கல்லைப் பக்கவாட்டுல பாருங்க. அடி தட்டையா, மேல குமிழ் மாதிரி முக்கோணப் பட்டை இருந்தா ரோஸ்கட் வைரம். அது இப்ப வர்ற வைரம் மாதிரி பளீர்னு வெட்டாது, தண்ணி மாதிரி மெதுவா மினுக்கும். அதைப் பார்த்துட்டுத்தான் நிறைய பேர் கண்ணாடின்னு சொல்லிடறாங்க.

பச்சை மட்டும் எனக்குப் பிடிபடல. படத்துல மரகதம் மாதிரி இல்லை, எனாமலும் இல்லை.

பூச்சிப் பித்தன்:

பத்தர் ஐயா, அந்தப் பச்சைக்கு நான் பதில் சொல்ல முயற்சி பண்றேன். பேத்தி, மூணு காரியம் பண்ணுங்க. ஜன்னல் ஓரம் நின்னு புரூச்சை மெதுவாச் சாய்ங்க, நிறம் மாறுதான்னு பாருங்க. றெக்கையை உதட்டுல லேசா ஒத்திப் பாருங்க. கல்லும் கண்ணாடியும் சில்லுன்னு இருக்கும். மூணாவது, பூதக்கண்ணாடியில றெக்கை மேல குழி குழியா இருக்கான்னு பாருங்க.

தகடூர்ப் பேத்தி:

கை நடுங்குது இதை எழுதும்போது. சாய்ச்சா பச்சை நீலமாகுது, இன்னும் சாய்ச்சா ஓரத்துல செம்பு நிறம் ஓடுது. உதட்டுல சில்லுன்னு இல்லவே இல்லை, நகம் மாதிரி இருக்கு. ஊசி முனையால தொட்டுத் தொட்டு வச்ச மாதிரி குழிகள், வரிசை இல்லாம. இது நிஜ வண்டு றெக்கையா?

பூச்சிப் பித்தன்:

நிஜ றெக்கைதான். பொன்வண்டுச் சாதி. மேல ஓடு மாதிரி மூடியிருக்குமே, அந்த மேல்றெக்கை. பறக்கிற றெக்கை அதுக்கு உள்ள மெல்லிசா மடிஞ்சிருக்கும்.

இதுல அதிசயம் என்னன்னா அந்தப் பச்சை சாயமே இல்லை. வண்டோட ஓட்டுல மெல்லிய ஏடுகள் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும். வெளிச்சம் ஒவ்வொரு ஏட்டுலயும் பட்டுத் திரும்பி வரும்போது பச்சை மட்டும் ஒண்ணோட ஒண்ணு கூடிப் பலமா வருது. சோப்புக் குமிழியில நிறம் ஓடற மாதிரி. சாயம் இருந்தா வெயில்ல வெளுக்கும். இதுல வெளுக்க எதுவும் இல்லை, ஏடு கலையாத வரைக்கும் நிறம் நிக்கும். ஜப்பான்ல நாரா பக்கம் ஹோர்யூஜி கோயில்ல 7ஆம் நூற்றாண்டு மரப்பேழை ஒண்ணு இருக்கு. அதையே பொன்வண்டு றெக்கை பதிச்சுத்தான் அலங்கரிச்சிருந்தாங்க, அந்த ஊர்ல பொன்வண்டுக்குத் தமாமுஷின்னு பேர், பேழைக்கும் அதே பேர்.

இந்த றெக்கை இந்தியாவுல இருந்து இங்கிலாந்துக்கு ஏராளமாப் போச்சு. மஸ்லின் துணியில ஜரிகையோட வச்சுத் தைப்பாங்க. 1888ல லண்டன் மேடையில நடிகை எல்லன் டெர்ரி ஷேக்ஸ்பியர் நாடகத்துல மேக்பெத் சீமாட்டியா நடிச்சப்ப போட்ட உடையில சுமார் 1000 வண்டு றெக்கை. 1903 டெல்லி தர்பாருக்கு வைஸ்ராய் கர்சனோட மனைவி போட்டுக்கிட்ட மயில் உடையில ஒவ்வொரு மயிற்பீலிக் கண்ணுக்கும் நடுவுல ஒரு றெக்கை. பார்த்தவங்க மரகதம்னு நினைச்சாங்க. உங்க வீட்டுலயும் இத்தனை நாள் அப்படித்தானே நினைச்சிருப்பீங்க.

ஊத்தங்கரை டீச்சர்:

அடேங்கப்பா, பொன்வண்டா! பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் பிடிச்சுத் தீப்பெட்டியில் அடைச்சு, வேலாந்தழை போட்டு வளர்த்த தலைமுறை நாங்கள். மறுநாள் திறந்தால் அரிசி மாதிரி முட்டை இட்டிருக்கும். தலைக்கும் கழுத்துக்கும் நடுவில் தழையை வைத்தால் ‘டக்’ என்று வெட்டும். விரல் மாட்டினால் ரத்தமே வந்துவிடும்.

ஆனால் ஒரு சந்தேகம். நாங்கள் பிடித்த பொன்வண்டுக்குக் கழுத்துதான் பச்சை. றெக்கை காய்ந்த புளியங்கொட்டை நிறத்தில் இருக்கும்.

பூச்சிப் பித்தன்:

டீச்சர், சரியாப் பிடிச்சீங்க. நீங்க வளர்த்ததுக்கு அறிவியல் பேர் ஸ்டெர்னோசெரா கிரைசிஸ். கழுத்து பச்சை, றெக்கை பழுப்பு. அதே குடும்பத்துல ஸ்டெர்னிகார்னிஸ்னு ஒண்ணு நம்ம காடுகளிலும் உண்டு, அது உடம்பு முழுக்கப் பச்சை, றெக்கையில குழி குழியா இருக்கும். பர்மா, தாய்லாந்துப் பக்கம் இருக்கிற இன்னொரு இனத்தோட றெக்கைதான் துணியில அதிகம் தைச்சாங்க, அது வழவழன்னு இருக்கும். பேத்தி குழியைப் பத்திச் சொன்னதால நான் நம்ம நாட்டு வண்டுன்னே நினைக்கிறேன். இங்க பிடிச்ச வண்டு, கப்பலேறிப் போய், அங்க தங்கத்துல உட்கார்ந்து, ஒரு துரைசாணி சட்டையில குத்திக்கிட்டு மறுபடி ஓசூருக்கே வந்திருக்கு.

இதுக்காக வண்டைத் தேடிக் கொன்னாங்களான்னு யாரும் கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். புழுவாத்தான் அதோட ஆயுள்ல பெரும்பகுதி, மண்ணுக்குள்ள வேரைத் தின்னுக்கிட்டு. மழைக்குப் பிறகு வெளிய வந்தா சில வாரம்தான் இருக்கும். இணை சேர்ந்து முட்டை போட்டதும் தானா உதிர்ந்துடும். உதிர்ந்ததைப் பொறுக்கினதும் உண்டு, பிடிச்சதும் உண்டு.

அரூர்க்காரன்:

செத்த பூச்சியை நகையா வீட்டுல வைக்கறது ஆகாதுங்க. அதுவும் சாவு வீட்டுப் பெட்டியில இருந்து எடுத்தது. வித்துடறது நல்லது.

காவேரிப்பட்டணம் பத்தர்:

தம்பி, நம்ம பழைய நகை எல்லாத்துக்குள்ளயும் பூச்சி இருக்கு, உங்களுக்குத் தெரியாது. பாம்படம், தண்டட்டி, கெம்புக்கல் அட்டிகை எல்லாம் உள்ள குழல்தான். நசுங்காம இருக்க உள்ள அரக்கை உருக்கி நிரப்புவோம். அரக்கு எங்க இருந்து வருது? மரக்கிளையில ஒட்டிக்கிட்டு வாழற பூச்சி தன்னை மூடிக்கச் சுரக்கிறது. சாமி நகையிலயும் அதுதான் இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க சாதிக்காரனுக்குத் தமிழ்ல என்ன பேர்? தட்டான். குளத்து மேல பறக்கிறதுக்கு என்ன பேர்? அதுவும் தட்டான். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக் கூப்பிடுவானுங்க, அப்பாகிட்ட வந்து அழுவேன். அவர் என்னைக் குளத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு தட்டானைக் காட்டி, ‘இந்த றெக்கையில ஓடற நரம்பை உன்னால கம்பியில இழுக்க முடியுமா பாரு. முடிஞ்ச அன்னைக்கு நீ தட்டான்’னு சொன்னார். நாப்பது வருஷம் கம்பி இழுத்துட்டேன்.

அரூர் மிளகாய்த் தோட்டம்:

தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும். அந்தி ஈசல் பூத்தால் அடைமழை. எங்க பாட்டன் வானொலி கேட்டு விதைக்கல, இதைப் பார்த்து விதைச்சார். வீட்டுக்குள்ள குளவி மண்கூடு கட்டினா பிள்ளை பிறக்கும்னு கலைக்க விட மாட்டாங்க. பூச்சி ஆகாதுன்னு நம்மூர்ல யார் சொன்னது?

ஊத்தங்கரை டீச்சர்:

பேத்தியின் கடைசிக் கேள்விக்கு யாரும் இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை, அர்த்தம் என்ன என்று கேட்டிருந்தாள். 30 வருஷம் வரலாறு நடத்தியவள், என்னால் சும்மா இருக்க முடியாது.

வண்டை நகையாக்கியதில் மூத்தவர்கள் எகிப்தியர்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம்மூர் சாணி வண்டின் உறவு. சாணத்தை உருட்டிக்கொண்டு பின்னங்காலால் தள்ளிப் போகுமே, அதைப் பார்த்து, இப்படித்தான் ஒரு தெய்வம் சூரியனைக் கிழக்கிலிருந்து உருட்டுகிறது என்று நினைத்தார்கள். அந்தத் தெய்வத்தின் பெயர் கெப்ரி. உருண்டைக்குள் இட்ட முட்டையிலிருந்து புது வண்டு மண்ணைப் பிளந்து வருவதால், செத்தவர் மறுபடி எழுவதற்கும் அதுவே குறி. பிணத்தின் நெஞ்சின் மேல் கல் வண்டு வைத்தார்கள். மறு உலகத்தில் இதயத்தைத் தராசில் நிறுக்கும்போது இதயம் தன் எஜமானுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாது என்று அந்தக் கல்லின் அடியில் மந்திரம் வெட்டியிருப்பார்கள். 1922இல் துட்டன்காமன் கல்லறை திறந்தபோது வண்டு பதித்த மார்பு நகைகள் வந்தன. அதற்குப் பிறகு ஐரோப்பா முழுக்க எகிப்து மோகம்.

ஈயைக்கூட அவர்கள் விடவில்லை. போரில் தீரம் காட்டியவருக்குத் தங்க ஈ. ராணி ஆஹோதெப்பின் புதையலில் மூன்று தங்க ஈக்கள் கிடைத்தன. எத்தனை முறை விரட்டினாலும் திரும்பி வருகிறது அல்லவா, அந்தக் குணத்துக்கு மரியாதை.

நெப்போலியன் 1804இல் முடிசூடியபோது பழைய அரச வம்சத்தின் அல்லிப் பூவை ஒதுக்கிவிட்டுத் தேனீயைச் சின்னமாக எடுத்தான். காரணம், 1653இல் சில்டெரிக் என்ற பழைய மன்னனின் கல்லறையில் செந்நிறக் கார்னெட் பதித்த தங்கத் தேனீக்கள் சுமார் 300 கிடைத்திருந்தன. அந்த மன்னன் இறந்தது 481இல். ‘உங்களுக்கும் முந்திய வேர் எனக்கு’ என்று காட்ட நெப்போலியனுக்கு ஒரு பூச்சி தேவைப்பட்டது. அது தேனீயே இல்லை, சில்வண்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் புதையலை 1831இல் திருடி உருக்கிவிட்டார்கள். மிஞ்சியது இரண்டே இரண்டு. உருக்குவதைப் பற்றி யோசிக்கிற பேத்தியின் அம்மா இதை மட்டுமாவது படிக்கட்டும்.

கிரேக்கத்தில் உயிருக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரே சொல், சைக்கி. ஆகவே வண்ணத்துப்பூச்சி புரூச் என்றால் பிரிந்த உயிர். தேனீ என்றால் உழைப்பு. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கிலாந்துப் பெண்கள் ஈ, சிலந்தி, வண்டு என்று தோளிலும் தொப்பியிலும் குத்திக்கொண்டார்கள். அது இயற்கை நூல்களும் பூச்சி சேகரிப்பும் வீடு வீடாகப் பரவிய காலம், டார்வின் காலம். எல்லா வண்டுக்கும் ஆழமான பொருள் தேட வேண்டியதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். சிலருக்கு அது பொருள், பலருக்கு அது அழகு.

கடைசியாக நம் பக்கம். அகநானூறு 14ஆம் பாட்டு. மழை பெய்த முல்லைக் காடு. அரக்கு மாதிரி சிவந்த மண், அதன் மேல் நீலக் காயாம்பூ உதிர்ந்து கிடக்கிறது, நடுவே செக்கச்செவேல் என்று மூதாய் ஊர்கிறது. மூதாய் என்றால் மழைக்குப் பிறகு வெல்வெட்டு போல வருமே, தம்பலப்பூச்சி. கவிஞர் அதைப் ‘பவளமொடு மணி மிடைந்தன்ன’ என்கிறார். பவளத்தையும் நீலமணியையும் நெருக்கிக் கோத்த மாதிரி. பூச்சியை நகையாகப் பார்த்த கண் நம்மிடமும் இருந்தது. பத்தர் சொன்ன அரக்கும் அதே பாட்டில் இருக்கிறது, பாருங்கள். நாம் பிடித்துப் பதிக்கவில்லை, தரையிலேயே பார்த்துவிட்டு நடந்துவிட்டோம்.

பூச்சிப் பித்தன்:

டீச்சர், கும்பிடறேன். ஒரே ஒரு திருத்தம், தம்பலப்பூச்சிக்கு எட்டு கால், உண்ணி வகையறா. அதனால பாட்டோட அழகு ஒரு இழையும் குறையாது.

ஓசூர் ஷிப்ட்காரன்:

சில்டெரிக் கதை தூக்கத்தைக் கெடுத்துடுச்சு. பேத்தி, நான் முன்னாடி கேட்டதுக்கு நீங்க எழுதறேன்னு சொன்னீங்க.

தகடூர்ப் பேத்தி:

எழுதறேன். நேத்து ராத்திரி அம்மாகிட்ட இந்த இழையை முழுக்கப் படிச்சுக் காட்டினேன். நாங்க பட்டுப்புழு வளர்க்கறவங்க. இப்ப நாலாம் தூக்கம் (நாலாவது தோலுரிப்பு) முடிஞ்சு புழு தழையை மூச்சு விடாம தின்னுற நேரம், மனைக்குள்ள மழை பெய்யற மாதிரி சத்தம். அம்மா தழை போட்டுக்கிட்டே கேட்டாங்க. பூச்சி ஆகாதுன்னு ஒருத்தர் எழுதினதைப் படிச்சதும் அம்மா நிமிர்ந்து, ‘ஆயா உடுத்தின கல்யாணப் பட்டுக்கு எத்தனை ஆயிரம் கூட்டை வேக வச்சிருப்பாங்க, அது ஆகும், இது ஆகாதா’ன்னு கேட்டாங்க. தர்மபுரி கூட்டு மார்க்கெட்டுக்கு வாரா வாரம் போறவங்க, அவங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அதுக்கப்புறம் அம்மாவாவே சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் இதுவரைக்கும் கேள்விப்படாதது.

பாட்டி, அதாவது ஆயாவோட அம்மா, துரை வீட்டுக்கு வேலைக்குப் போனப்ப ஆயா கைக்குழந்தை. ஆயாவை இங்க பாலக்கோட்டுலயே தன்னோட அம்மாகிட்ட விட்டுட்டுத்தான் போனாங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருவாங்க. ஆயா பெத்தவளை ‘அந்த அம்மா’ன்னுதான் கூப்பிடுவாங்களாம், அடையாளம் தெரியாம. பாட்டி ஆறு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து, மடியில இருந்து இந்த வண்டை எடுத்துக் கொடுத்திருக்காங்க. ஆயா பயந்து தட்டி விட்டுட்டாங்க. அப்பத்தான் அந்தக் கால் உடைஞ்சுது. உடைஞ்ச காலை வீடு பூராவும் தேடியிருக்காங்க, கிடைக்கல, சாணி மெழுகின தரையில எங்கயோ போயிடுச்சு.

அப்புறம் பாட்டி அதைத் தரையில வச்சு, பக்கத்துல விரலால தட்டியிருக்காங்க. றெக்கை நடுங்கினதும் ஆயா சிரிச்சு, நகர்ந்து பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கிட்டாங்களாம். ‘அன்னைக்குத்தான் அவங்களை நான் அம்மான்னு கூப்பிட்டேன்’னு ஆயா சாகறதுக்கு முந்தின வருஷம் எங்க அம்மாகிட்ட சொல்லியிருக்காங்க.

அதனால ஷிப்ட்கார அண்ணா, துரைசாணி கொடுத்ததை நாங்க கும்பிடல. அவங்க என்ன நினைச்சுக் கொடுத்தாங்கன்னும் எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் பிள்ளையை விட்டுப் போனதுக்கு அது ஈடும் இல்லை. டீச்சர் சொன்ன அத்தனை அர்த்தமும் எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா இந்த வண்டுக்கு எங்க வீட்டுல இருக்கிற அர்த்தம் அந்த நடுக்கம்தான்.

அம்மா இனிமே உருக்கற பேச்சை எடுக்க மாட்டாங்க. காதுகுத்துக்குக் கூடு வித்த காசுலயே தோடு வாங்கிடறோம்.

ஓசூர் ஷிப்ட்காரன்:

படிச்சேன். நான் எழுதினதைத் திரும்ப எடுத்துக்கறேன்.

மத்தூர் வாசகன்:

ஒரு எச்சரிக்கை மட்டும். வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க யாராவது எடுத்துட்டுப் போறேன்னு கேட்டா கொடுத்துடாதீங்க. 1972 சட்டப்படி 100 வருஷம் தாண்டின கலைப்பொருள் எதையும் தனி ஆள் நாட்டை விட்டு வெளிய கொண்டு போகக் கூடாது. 100 வருஷம் ஆகலைன்னா தொல்லியல் துறையில தொல்பொருள் இல்லைன்னு சான்று வாங்கிக்கணும். விமான நிலையத்துல மாட்டினா பொருளும் போகும்.

தகடூர்ப் பேத்தி:

நல்ல வேளை சொன்னீங்க, சிங்கப்பூர் அண்ணன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். ஆனா 100 வருஷம் தாண்டுச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

காவேரிப்பட்டணம் பத்தர்:

அதுக்கு அந்தச் சிவப்புக் கண்ணைக் கேக்கணும். கெம்பை நெருப்புல உருக்கி ஆளே செய்யற முறையை பிரெஞ்சுக்காரர் வெர்நொய் 1902ல வெளியிட்டார். மண்ணுல பிறந்த கெம்புக்குள்ள கோடு இருந்தா நேரா இருக்கும். உருக்கிச் சொட்டிச் செஞ்ச கல்லுக்குள்ள கோடு இசைத்தட்டு வரி மாதிரி வளைஞ்சிருக்கும், சில சமயம் காத்துக் குமிழ் நிக்கும். கண் அப்படி இருந்தா உங்க வண்டு பெரும்பாலும் 1902க்கு அப்புறம் பிறந்ததா இருக்கும். 15 காரட் அதை 1932க்குப் பின்னாடி போக விடாது. படத்துல பார்க்க முடியாது, கல்லைக் கையில வச்சுச் சாய்ச்சுச் சாய்ச்சுத்தான் பார்க்கணும்.

உடைஞ்ச காலைப் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஊதுகுழல் வச்சுப் பத்த வைக்க எவனாவது ஒத்துக்கிட்டா கொடுக்காதீங்க. அந்தச் சூட்டுல றெக்கை கருகிடும். லேசர்ல பத்த வைக்கிற பட்டறையில புதுக் கால் ஒட்டலாம், சூடு ஒரு புள்ளியோட நிக்கும். ஆனா நான் உங்க இடத்துல இருந்தா அஞ்சு காலோடயே விட்டுடுவேன்.

அதுவரைக்கும் பழைய வேட்டித் துணியிலயே சுத்தி வைங்க, ஆயாவுக்குத் தெரிஞ்சிருக்கு. பிளாஸ்டிக் பையில போட்டா புழுக்கம் பிடிக்கும். மத்த நகையோட போடாதீங்க, அழுத்தினா றெக்கை விரிசல் விடும்.

தகடூர்ப் பேத்தி:

அண்ணா, இந்தத் தடவை கூடு இறக்கினதும் அம்மாவும் நானும் காவேரிப்பட்டணம் வர்றோம். கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க.

காவேரிப்பட்டணம் பத்தர்:

ஞாயித்துக்கிழமை காலையில வாங்க, கிழக்கு ஜன்னல்ல நல்ல வெளிச்சம் இருக்கும். உங்க அம்மாவை அதைத் தோள்ல குத்திக்கிட்டே வரச் சொல்லுங்கம்மா. நடக்கும்போது அந்தச் சுருள் எப்படி வேலை செய்யுதுன்னு நான் பார்க்கணும்.